வென்றவரின் நாவல், தோற்றவரின் பாட்டு

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், விதுராவைக் கடந்து மலையேறும் சாலை முடிகிற இடத்தில், 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில் இருக்கிறது போனக்காடு. ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டமும், லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களும், சுற்றியுள்ள காட்டில் குடியிருக்கும் காணிக்காரப் பழங்குடியினரும், கீழே நெடுமங்காட்டுப் பக்கத்திலிருந்து ஏறிவரும் மலையாளப் பேச்சும் சேர்ந்த ஊர் அது. இந்த மலைத்தொடரின் சரிவுகளிலும் தெற்கே நாஞ்சில் நாட்டிலும், பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உயிருக்குத் தப்பி ஒளிந்து திரிந்த ஓர் இளவரசனைப் பற்றி மூன்று கதைகள் வழங்குகின்றன. ஒன்று மலையாளத்தின் முதல் வரலாற்று நாவல். இன்னொன்று தமிழில் பாடப்படும் வில்லுப்பாட்டு. மூன்றாவது காணிக்காரரின் வாய்மொழி நினைவு. நாவலைப் படித்தோரின் கருத்து இன்றுவரை ஒன்றுபடாமல் இருப்பதற்கான காரணத்தை நாவலுக்குள் மட்டும் தேடினால் கிடைக்காது. மற்ற இரு கதைகளையும் அருகே வைத்துப் பார்க்கும்போதுதான் அது புலப்படுகிறது.

சி.வி. ராமன் பிள்ளை எழுதிய அந்த நாவலின் பெயர் ‘மார்த்தாண்டவர்மா’. 1858இல் பிறந்து 1922இல் மறைந்த அவர், திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். 1891இல் சென்னையில் அச்சான இந்நூலைத் தம் செலவிலேயே வெளியிட்டார். வரலாற்று ரொமான்ஸ் என்று ஐரோப்பாவில் வழங்கிய இலக்கிய வகையை மலையாளத்தில் உருவாக்கிப் பார்ப்பதே அவருடைய நோக்கமாக இருந்தது. ரொமான்ஸ் என்ற இச்சொல் வெறும் காதற்கதையைக் குறிப்பதன்று. வீரச்செயல், மாறுவேடம், சதி, பிரிவு, மறுசந்திப்பு ஆகியவை நிறைந்த, அன்றாட வாழ்வைவிட உயர்ந்த தளத்தில் நடக்கும் கதையையே அது குறித்தது. அக்கதை உண்மையில் வாழ்ந்த அரசர்களுக்கும் உண்மையில் நடந்த போர்களுக்கும் நடுவே நடத்தப்படும்போது அது வரலாற்று ரொமான்ஸ் ஆகிறது. இந்த வகைக்கு உலகமெங்கும் வாசகரைத் தேடித் தந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான வால்டர் ஸ்காட், சி.வி.யும் தமிழ் நாவலாசிரியர் கல்கியும் அவரவர் காலத்தில் அவரிடம் பாடம் கேட்டவர்களே.

ஸ்காட் 1814இல் தம் பெயரைப் போடாமல் வெளியிட்ட ‘வேவர்லி’ என்ற நாவல், ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் 1745இல் எழுந்த கிளர்ச்சியைப் பற்றியது. 1688இல் அரியணையை இழந்த இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் வழியினரே உண்மையான அரசர்கள் என்று நம்பியவர்கள் யாக்கோபியர் எனப்பட்டனர். அம்மன்னரின் பேரனான சார்லஸ் எட்வர்ட் ஸ்டுவர்ட், 1745 ஆகஸ்டில் கிளென்ஃபின்னன் என்ற பள்ளத்தாக்கில் கொடியேற்றி, மலைநாட்டுக் குலத்தலைவர்களின் படையோடு இங்கிலாந்தின் டார்பி நகர்வரை சென்று, பின்வாங்கி, 1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடன் வெளியில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான போரில் அடியோடு தோற்றார். அவருடைய தலைக்கு 30,000 பவுன் விலை வைக்கப்பட்டும் மலைநாட்டு மக்கள் யாரும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை; ஃப்ளோரா மக்டொனால்டு என்ற பெண் அவருக்குப் பணிப்பெண் வேடமிட்டுப் படகில் கடத்திக் காப்பாற்றினார். ஐந்து மாதம் ஒளிந்து திரிந்தபின் அவர் பிரான்சுக்குத் தப்பினார். வென்ற அரசு குலத்தலைவர்களின் பரம்பரை அதிகாரங்களைச் சட்டத்தால் ஒழித்தது. மலைநாட்டு ஆண்கள் தம் கட்டமிட்ட உடையை அணிவதையும் தடைசெய்து, 1782வரை அத்தடையை வைத்திருந்தது.

இந்தத் தோல்விக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர் ஸ்காட் எழுதினார். அப்போது யாக்கோபியரால் யாருக்கும் ஆபத்தில்லை. தோற்றவர்கள் தோற்றவர்களாகவே நிலைத்துவிட்டதால், அவர்களுடைய விசுவாசத்தையும் பாட்டையும் உடையையும் வென்றவர்களின் பேரப்பிள்ளைகளும் தயக்கமின்றி நேசிக்க முடிந்தது. ‘வேவர்லி’யின் நாயகன் இரு தரப்புக்கும் இடையில் அலைகிற ஓர் ஆங்கில இளைஞன், கிளர்ச்சியாளர்களோடு சேர்கிறான், கிளர்ச்சித் தலைவனின் தங்கை ஃப்ளோராவை விரும்புகிறான், முடிவில் சாந்தமான ரோஸ் என்பவளை மணந்துகொண்டு அமைதியான வாழ்வுக்குத் திரும்புகிறான், ஃப்ளோராவின் அண்ணனோ தூக்குமேடைக்குச் செல்கிறான். ஹங்கேரிய அறிஞர் கியார்கி லூக்காச் 1930களில் எழுதிய வரலாற்று நாவல் பற்றிய நூலில், இப்படி உச்சத்தில் இல்லாத நடுவழி நாயகனைத் தேர்ந்ததன் மூலமே ஸ்காட்டால் ஒரு சமூகத்தின் இரு பக்கங்களையும் காட்ட முடிந்தது என்று வாதிட்டார். எதிர்க்கருத்தும் கடுமையாகவே எழுந்தது. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், ஸ்காட்டின் நாவல்கள் அமெரிக்கத் தென்மாநிலத்தாரின் தலையில் போலியான குலப்பெருமையை ஏற்றி அவர்களை உள்நாட்டுப் போருக்கே தயார் செய்துவிட்டன என்று 1883இல் குற்றம் சாட்டினார்.

அதே ஸ்காட்லாந்தையும் அதே கல்லோடனையும் வைத்து, 1991இல் டயானா கேபல்டன் என்ற அமெரிக்கர் எழுதிய ‘அவுட்லேண்டர்’ நாவல் இன்றைய வாசகரிடம் இன்னொரு விதமான பிளவை உண்டாக்கியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் செவிலியாகப் பணியாற்றிய க்ளேர் என்ற பெண், 1945இல் ஒரு கல்வட்டத்தைத் தொட்டு, 1743ஆம் ஆண்டு மலைநாட்டில் போய் விழுகிறாள்; அங்கே ஜேமி என்ற இளைஞனை மணக்கிறாள். மருந்துச் செடிகளைப் பற்றிய விவரங்களுக்காகவும், கணவன் மனைவிக்கிடையே முதிரும் காதலுக்காகவும், வரப்போகும் தோல்வியை முன்கூட்டியே அறிந்த ஒருத்தியின் பதற்றத்துக்காகவும் இதை உச்சியில் வைத்துப் போற்றுவோர் பலர். பக்கங்கள் மிகுதி, வன்முறைக் காட்சிகள் அளவுக்கு மீறியவை என்று பாதியில் மூடிவைப்போரும் உண்டு. சொல் கேளாமைக்காக ஜேமி தன் மனைவியை வாரால் அடிக்கும் காட்சி குறிப்பாக வாசகரை இரண்டாகப் பிரித்தது: அந்தக் காலத்தின் வழக்கத்தை மறைக்காமல் காட்டியது நேர்மை என்று ஒரு சாரார் கூற, அடித்தவனையே காதல் நாயகனாகத் தொடர்ந்து கொண்டாடச் சொல்வதை மற்றொரு சாரார் ஏற்க மறுக்கின்றனர். இச்சண்டை எவ்வளவு கடுமையானாலும், அது நாவலின் சுவை பற்றியதாகவும் ஆண் பெண் உறவு பற்றியதாகவுமே நிற்கிறது. கல்லோடனில் இறந்தவர்களின் நினைவை நாவல் இழிவு செய்துவிட்டது என்பது அதன் மையமாக இல்லை, ஏனென்றால் கதை அவர்கள் பக்கம் நிற்கிறது.

திருவிதாங்கூரின் நிலை நேர்மாறானது. கல்லோடனுக்கு ஐந்து ஆண்டுகள் முன்னர், 1741இல், குளச்சலில் டச்சுக்காரரைத் தோற்கடித்த மார்த்தாண்ட வர்மா, இளமையில் சார்லஸ் ஸ்டுவர்ட்டைப் போலவே துரத்தப்பட்டவர். ஆனால் அவர் வென்றார். வேணாட்டை 1724 முதல் ஆண்ட ராமவர்மாவுக்குப் பின் அவருடைய மருமகனான மார்த்தாண்ட வர்மாவுக்கே பட்டம் உரியது. சொத்தும் பதவியும் தாய்வழியில் இறங்கி, ஒருவனுக்குப் பின் அவனுடைய சகோதரியின் மகனுக்குச் சேரும் முறையாகிய மருமக்கத்தாயம் அங்கு வழக்கிலிருந்தது. மன்னரின் சொந்தப் பிள்ளைகளான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் இதை எதிர்த்தனர். கோயில் நிலங்களின் நிர்வாகத்தையும் வரிவசூலையும் கையில் வைத்திருந்த எட்டு நாயர் பிரபுக் குடும்பத் தலைவர்கள், அதாவது கழக்கூட்டம், ராமனாமடம், குடமண், பள்ளிச்சல் முதலிய இடங்களைச் சேர்ந்த எட்டுவீட்டில் பிள்ளைமார், இளவரசனுக்கு எதிராக நின்றதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. 1729இல் பட்டமேற்ற மார்த்தாண்ட வர்மா தம்பிமாரையும் பிள்ளைமாரையும் ஒழித்தார். பிறகு அண்டை நாடுகளைச் சேர்த்துத் திருவிதாங்கூரை விரிவாக்கி, 1750இல் நாடு முழுவதையும் பத்மநாபசுவாமிக்குக் காணிக்கையாக்கி, 1758இல் இறந்தார். ஸ்காட்லாந்தில் குலத்தலைவர்களின் அதிகாரத்தை ஒரு தூரத்து அரசு உடைத்த அதே காலத்தில், இங்கே பிரபுக்களின் அதிகாரத்தை உள்ளூர் இளவரசனே உடைத்தான். சி.வி. எழுதிக்கொண்டிருந்தபோது அந்த இளவரசனின் வழிவந்த மூலம் திருநாள் அரியணையில் இருந்தார். ஸ்காட் தோற்றவரின் கதையை எழுதினார், சி.வி. வென்ற குலத்தின் ஆட்சி நடக்கும்போதே, அதன் அரசு ஊழியராக இருந்துகொண்டு, வென்றவரின் கதையை எழுதினார். வாசகர் பிளவின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நாவலின் தொடக்கத்தில் ஒரு காட்டில் வெட்டுண்டு குற்றுயிராகக் கிடக்கும் அனந்தபத்மநாபனை அவ்வழியே வந்த பட்டாணியர் தூக்கிச் சென்று பிழைக்க வைக்கின்றனர். இளவரசனின் உற்ற துணைவனான அவன் இறந்துவிட்டான் என்று எல்லோரும் நம்ப, அவனுக்காகக் காத்திருக்கும் செம்பகசேரி வீட்டுப் பாறுக்குட்டியை மணக்க, பப்புத் தம்பி எனப்படும் பத்மநாபன் தம்பி முயல்கிறான். இளவரசன் பத்மநாபபுரத்தின் சுற்றுப்புறத்தில் மாறுவேடத்தில் ஓடி ஒளிகிறான். மாங்கோயிக்கல் குறுப்பு என்ற நாட்டுப்புறத் தலைவன் அவனுக்கு அடைக்கலம் தந்து அதற்கான விலையைக் கொடுக்கிறான். ‘பிராந்தன் சான்னான்’, அதாவது பித்துப்பிடித்த சான்னான், என்ற உருவில் திரியும் ஒருவன் நெருக்கடிகளில் எல்லாம் தோன்றிக் காக்கிறான். அவன் அனந்தபத்மநாபனே என்பது பின்னர் தெரிகிறது. இத்தனைக்கும் நடுவில், கணவனால் ஐயுற்றுக் கைவிடப்பட்டு, பிள்ளைமாரின் உறவு வட்டத்திலேயே வாழும் சுபத்திரை, அவர்களுடைய சதியின் உள்விவரங்களை அறிந்து, தன் அறிவாலும் துணிவாலும் இளவரசனைக் காப்பாற்றுகிறாள். முடிவில் அவளுடைய உறவினனான குடமண் பிள்ளை அவளை வெட்டிக் கொல்கிறான். இளவரசன் மன்னனாகிறான், பாறுக்குட்டிக்கு அனந்தபத்மநாபன் கிடைக்கிறான்.

வாசகரின் முதல் மனக்குறை இந்த முடிவில்தான் தொடங்குகிறது. காத்திருப்பதைத் தவிர அதிகம் செய்யாத பாறுக்குட்டிக்கு மணவறையும், நாட்டையே காப்பாற்றிய சுபத்திரைக்கு வாளும் கிடைப்பது நியாயமா என்ற கேள்வி இந்நாவலைப் பற்றிய எந்தப் பேச்சிலும் எழுகிறது. நாவலின் உண்மையான நாயகி சுபத்திரைதான் என்பது விமர்சகரிடையே பரவலான கருத்து. இதே முறையீடு ஸ்காட்டுக்கும் வந்தது. சி.வி.க்கு முன்மாதிரியாக விளங்கியதென்று கருதப்படும் ‘ஐவன்ஹோ’வில் (1819) நாயகன் ரோவினா என்ற உயர்குலப் பெண்ணை மணக்க, அவனைக் காப்பாற்றிய யூதப் பெண் ரெபெக்கா நாட்டை விட்டே போகிறாள். வாசகர் ரெபெக்காவின் பக்கம் நின்றதால், தியாகத்துக்கு உலகியல் வெகுமதி தருவது அதன் பெருமையைக் குறைக்கும் என்ற பொருளில் ஸ்காட் பின்னாளில் ஒரு முன்னுரையில் விளக்கம் சொல்ல நேர்ந்தது. தாக்கரே என்ற நாவலாசிரியர் அந்த முடிவையே மாற்றி 1850இல் ஒரு தொடர்ச்சிக் கதை எழுதினார். தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது, பாத்திரங்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று சொல்லாமல் திடீரென நிறுத்திவிட்டதாக வாசகர் குறைப்பட, கல்கி ஒரு முடிவுரை எழுதி அவர்களுக்கு மறுமொழி கூறினார். வந்தியத்தேவன் மீது கொண்ட காதலுக்காக மடிந்த மணிமேகலையை எண்ணி வருந்தாத வாசகர் அரிது.

காதலைப் பற்றிய இந்த மனக்குறை அன்பின் பாற்பட்டது. நாவலை நேசிப்பவர்களே அதைச் சொல்கிறார்கள். இரண்டாவது வகைக் கருத்து வேறுபாடு அப்படி மென்மையானதன்று. எட்டுவீட்டில் பிள்ளைமார் நாவலில் சதிகாரராகவும் கொடியவராகவும் வருகின்றனர். 1878இல் வெளிவந்த பி. சங்குண்ணி மேனனின் திருவிதாங்கூர் வரலாற்றிலும் அவர்கள் பெற்றிருந்த உருவம் அதுவே. அரண்மனைச் சார்பான இந்த வரலாற்றை நாவல் ஏற்றுக்கொண்டு, அதற்கு உயிரும் முகமும் கொடுத்து, மூன்று தலைமுறை வாசகர் மனத்தில் அழிக்க முடியாதபடி பதித்துவிட்டது என்பது மறுப்போரின் வாதம். தோற்றபின் பிள்ளைமாரின் வீடுகள் இடித்துக் குளமாக வெட்டப்பட்டன, அவர்களுடைய பெண்டு பிள்ளைகள் கடற்கரை மீனவரிடம் ஒப்படைக்கப்பட்டனர் என்று மரபு கூறுகிறது. இத்தண்டனையை ஓர் அரசனின் திறமையாகப் படிப்பதா, ஒரு குடியின் அழிவாகப் படிப்பதா என்பதில் வாசகரின் ஊரும் குலமும் குறுக்கிடாமல் இருப்பதில்லை.

தம்பிமாரின் பக்கத்தைச் சொல்லும் குரல் ஏற்கெனவே இருந்தது. அது தமிழில் இருந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமான நாஞ்சில் நாட்டுப் பகுதியில், ஊர்த் தெய்வங்களுக்கு நடக்கும் கொடை விழாக்களில் பாடப்படுவது வில்லுப்பாட்டு. மணிகள் கட்டிய நீண்ட வில்லின் நாணை இரு வீசுகோல்களால் தட்டியபடி தலைமைப் பாடகர் கதையை எடுத்துச் செல்ல, பின்னால் ஒருவர் மண்குடத்தின் வாயை மட்டையால் அடித்துத் தாளம் கொடுக்க, உடுக்கையும் தாளக் கட்டையும் சேர, உடன் பாடுவோர் அடிகளை வாங்கிப் பாடுகின்றனர். இம்மரபின் கதைப்பாடல்களில் ஒன்று ‘தம்பிமார் கதை’. அதில் தம்பிமார் சூழ்ச்சிக்காரர் அல்லர்; தந்தையின் நாட்டில் உரிமை கேட்ட பிள்ளைகள். அவர்களுடைய தங்கையைப் பெண் கேட்டு மன்னன் ஆளனுப்பியதும், அந்தச் சம்பந்தம் கூடாமற்போனதும் பகைக்குக் காரணமாகப் பாடப்படுகின்றன. நாகர்கோவிலில் அவர்கள் கொல்லப்பட்டது துரோகமாக விவரிக்கப்படுகிறது. கொலையுண்டவர் தெய்வமாவது தென்தமிழ்நாட்டின் பழைய நம்பிக்கை. எனவே நாவலில் வில்லனாக வந்தவன் பாட்டில் வழிபாட்டுக்கு உரியவனாகிறான்.

இந்த இரு கதைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை வென்றவர் தோற்றவர் என்ற கணக்கு மட்டும் விளக்கிவிடாது. மகனுக்கே தந்தையின் சொத்து என்ற மக்கள்தாய முறையில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் வளர்ந்த ஒருவருக்கு, அரசன் பெற்ற பிள்ளைகள் இருக்க மருமகன் பட்டமேறுவது இயல்பாகவே அநீதியாகத் தோன்றும். மருமக்கத்தாயத்தில் வளர்ந்த நாயர் வாசகருக்கோ, மகன் பட்டம் கேட்பதுதான் அநீதி. நாவலும் பாட்டும் ஒரே நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு, இரு வேறு குடும்ப அமைப்புகளின் நீதியுணர்விடம் முறையிடுகின்றன. போனக்காடு போன்ற எல்லை ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் புழங்கும் குடும்பங்களுக்கு இரண்டு முறையீடும் காதில் விழும். இந்நாவல் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, சாகித்திய அக்காதெமி வழியாக 2007இல் வெளிவந்திருக்கிறது. நாஞ்சில் நாட்டுக் கதைப்பாடல்களை அ.கா. பெருமாள் போன்ற நாட்டார் வழக்காற்றியல் அறிஞர்கள் தேடித் தொகுத்து ஆராய்ந்திருக்கின்றனர். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் வாய்ப்பு தமிழ் வாசகருக்கு வாய்த்திருப்பது அரிய பேறு. ஒன்றை மட்டும் படித்தவரின் தீர்ப்பு, வழக்கில் ஒரு தரப்பை மட்டும் கேட்டவரின் தீர்ப்பாகவே இருக்கும்.

பித்தன் சான்னானைப் பற்றிய விவாதமும் குமரி மாவட்டத்துக்கே உரியது. சான்னார் என்று அன்று அழைக்கப்பட்ட நாடார் சமூகத்தின் வீரர்கள் இளவரசனுக்குத் துணைநின்றதை நாவல் காட்டுகிறது. ஆனால் அந்தச் சான்னான் வேடத்தைக் கலைத்தால் உள்ளே இருப்பவன் ஒரு நாயர் பிரபுவின் மகன். அனந்தபத்மநாபன் என்பவர் உண்மையில் நாடார் குலத்தில் பிறந்த களரி ஆசான், மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவர்களுள் ஒருவர் என்று நம்பும் மரபு அப்பகுதியில் வலுவாக உள்ளது. அம்மரபைச் சேர்ந்தவருக்கு, நாவலின் மாறுவேடக் காட்சி தம் முன்னோரின் வீரத்தை இன்னொருவருக்கு மாற்றி எழுதியதாகவே படும். இதை நிறுவவோ மறுக்கவோ நாவலால் முடியாது. ஆயினும் புனைவில் வைத்த ஒரு பெயர் வாழும் சமூகங்களின் தன்மதிப்போடு எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நாவல் வெளிவந்த 1891ஆம் ஆண்டிலேயே, திருவிதாங்கூர் அரசின் உயர்பதவிகள் வெளியிலிருந்து வந்த தமிழ்ப் பிராமணர்களுக்கே போகின்றன என்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு மன்னருக்குக் கொடுத்த ‘மலையாளி மெமோரியல்’ என்ற விண்ணப்பத்தில் சி.வி. தீவிரமாக ஈடுபட்டிருந்தார். நாவலில் பத்மநாபன் தம்பியின் வலக்கையாக இருந்து தீமை செய்யும் சுந்தரய்யன் என்ற பாத்திரத்தை இந்த அரசியலின் நிழலில் வைத்துப் படிப்போரும் உண்டு. 1727ஐ ஒட்டி நடக்கும் கதை, எழுதப்பட்ட 1891இன் கோபத்தையும் சுமந்திருக்கலாம் என்பது ஏற்கத்தக்க வாசிப்பே.

மொழிநடையைப் பற்றியும் இருவேறு கருத்துகள் உள்ளன. வடமொழிச் செறிவுள்ள நீண்ட வருணனைகளும், அவற்றுக்கு நேர்மாறாகத் தென் திருவிதாங்கூரின் பேச்சுவழக்கில் துள்ளும் உரையாடல்களும் சி.வி.யின் தனித்தன்மை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் 1889இல் வந்த சந்துமேனனின் ‘இந்துலேகா’ சமகால வாழ்க்கையை எளிய நடையில் சொன்னதால், அதையே நாவலின் சரியான பாதை என்று கருதியவருக்கு ‘மார்த்தாண்டவர்மா’ பின்னோக்கிய பயணமாகத் தோன்றியது. மக்களின் விருப்பம் வேறு திசையில் இருந்தது. 1933இல் நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தரராஜ் தயாரிக்க, பி.வி. ராவ் இயக்கத்தில் இந்நாவல் பேசாப்படமாக எடுக்கப்பட்டுத் திருவனந்தபுரத்தில் திரையிடப்பட்டபோது, நூலின் உரிமையைப் பெற்றிருந்த பதிப்பகம் வழக்குத் தொடுக்க, படச்சுருள் பறிமுதல் செய்யப்பட்டது. திரைப்படத் துறையில் பதிப்புரிமைக்காக நடந்த முன்னோடி வழக்காக அது இந்தியாவில் பேசப்படுகிறது; பல பத்தாண்டுகள் கழித்து மீட்கப்பட்ட படச்சுருள் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

மூன்றாவது கதை மலையில் வாழ்கிறது. ஓடி ஒளிந்த காலத்தில் மார்த்தாண்ட வர்மாவைக் காட்டுக்குள் வைத்துக் காத்தவர்கள் தம் முன்னோர் என்பது காணிக்காரரின் நினைவு. அந்நன்றியின் அடையாளமாகத் தமக்கு மலையில் உரிமைகள் தரப்பட்டதாக அவர்கள் கருதுகின்றனர். ஓணத்தை ஒட்டி அகத்தியமலைக் குடிகளிலிருந்து தேன், மூங்கில் பொருள்கள், காட்டு விளைபொருள்கள் ஆகியவற்றைச் சுமந்துகொண்டு திருவனந்தபுரத்தில் அரச குடும்பத்தைக் காணச் செல்லும் வழக்கம் நெடுநாளாக இருந்து வருகிறது. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் ‘அம்மச்சிப் பிலாவு’ என்ற பழைய பலாமரத்தின் உள்ளீடற்ற அடிமரம் பாதுகாக்கப்படுகிறது. பகைவர் துரத்தியபோது இளவரசன் அதன் பொந்தில் ஒளிந்தான் என்பது ஐதிகம். ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் சார்லஸ் ஒளிந்த குகைகளைக் காட்டுவதைப் போன்றதே இதுவும். ஆனால் அங்கே காத்தவர்களுக்கு நாவல்களில் முழு இடம் கிடைத்தது. ஃப்ளோரா மக்டொனால்டின் பெயரைத் தெரியாத ஸ்காட்லாந்துப் பள்ளிப்பிள்ளை அரிது. மலைமக்களுக்கு சி.வி.யின் முதல் நாவலில் அத்தகைய இடம் இல்லை. நாவலைப் போற்றுவோரும் மறுப்போரும் அரண்மனை, பிரபுக்கள், தம்பிமார் ஆகியோரைப் பற்றியே வாதிட்டு வந்திருக்க, காணிக்காரரின் தரப்பு பெரும்பாலும் அந்த வாதத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

ரொமான்ஸின் ஆற்றலும் ஆபத்தும் போனக்காட்டிலேயே வேறொரு வடிவில் தெரிகின்றன. தோட்டத்தில் ஆங்கிலேய அதிகாரி குடியிருந்த பாழடைந்த பங்களா ஒன்றைப் பற்றி, அங்கு இறந்துபோன அவருடைய சிறுமகளின் ஆவி உலவுவதாக ஒரு கதை பரவி, அதைக் காண வெளியூர்களிலிருந்து இளைஞர்கள் வருகின்றனர். அவர்கள் கடந்து வரும் லயங்களில் வாழ்வோர், தோட்டம் நலிந்து தேயிலை ஆலை நின்றுபோனபின், கிடைக்காத ஊதியத்துக்கும் பணிக்கொடைக்கும் ஆண்டுக்கணக்கில் போராடியவர்கள். துரையின் மகளுக்கு ஒரு கதை இருக்கிறது. கொழுந்து கிள்ளியவர்களின் பிள்ளைகளுக்கு இல்லை. எவருடைய துயரம் கதையாகிறதோ அவரையே பின்வருவோர் நினைவில் வைக்கின்றனர் என்பதால்தான், ஒரு நாவலில் தம் முன்னோர் எப்படி வந்திருக்கின்றனர் என்று மக்கள் இவ்வளவு கவலைப்படுகின்றனர். அக்கவலையை இலக்கியம் அறியாதவரின் பிடிவாதம் என்று ஒதுக்குவது தவறு.

‘பொன்னியின் செல்வ’னுக்கு இந்த அளவு கசப்பான எதிர்ப்பு எழாதது கல்கியின் திறமையால் மட்டும் அன்று. அங்கும் வாரிசுரிமைச் சிக்கல்தான் கதையின் மையம். அங்கும் கொலை, சதி, இளவரசன் ஒளிந்து வாழ்தல் எல்லாம் உண்டு. க.நா. சுப்ரமண்யம் போன்ற விமர்சகர்கள் அது வெகுசன ரசனைக்கு எழுதப்பட்டது என்று ஒதுக்கினர்; வரலாற்றறிஞர்கள் ஆதித்த கரிகாலனின் கொலையைக் கல்கி கையாண்ட விதத்தைக் கேள்விக்குட்படுத்தினர். ஆயினும் ஆயிரம் ஆண்டு இடைவெளியில், பழுவேட்டரையரின் வழியில் வந்தவர் என்று உரிமை கோரி வருந்த எவரும் இல்லை. மார்த்தாண்ட வர்மாவின் காலமோ பாட்டனின் பாட்டன் சொன்ன தூரத்தில்தான் இருக்கிறது.

இக்கருத்து வேறுபாடுகளில் சி.வி.யே ஒரு தரப்பாக மாறினார் என்பது அவருடைய பிற்கால நாவல்களைப் படித்தால் தெரியவரும். 1913இல் வெளிவந்த ‘தர்மராஜா’ மார்த்தாண்ட வர்மாவுக்குப் பின் ஆண்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் காலத்தில் நடக்கிறது. அதில் அரசைக் கவிழ்க்க வரும் ஹரிபஞ்சானனன் என்ற துறவி, அழிக்கப்பட்ட எட்டுவீட்டில் பிள்ளைமாரின் வழித்தோன்றல். குடும்பத்தை இழந்தவனின் நியாயமான சினம் அவனை இயக்குகிறது. முதல் நாவலின் பிள்ளைமார் இருளில் கூடிச் சதி செய்த கூட்டமாக நின்றனர். இவனோ அறிவும் தவமும் கம்பீரமும் கொண்ட பெரும் பாத்திரம், மன்னனுக்கு ஈடாக நிறுத்தப்பட்டவன். அரசு வெல்வதை சி.வி. மாற்றவில்லை, ஆனால் வென்ற அரசின் அடித்தளத்தில் புதைந்தவர்களின் குரலை இம்முறை முழுமையாக ஒலிக்க விட்டார். ‘மார்த்தாண்டவர்மா’வைவிட ‘தர்மராஜா’ ஆழமானது என்று கருதும் விமர்சகர் பலர் இந்தப் பாத்திரத்தையே முதற்காரணமாகக் காட்டுகின்றனர். அந்தத் துறவி ஒருவனல்லன், ஒரே முகமுடைய இரட்டையர் என்பது கதை வளர வளர வெளிப்படுகிறது: ஒருவன் பழிவாங்கத் துடிக்கும் உக்கிர ஹரிபஞ்சானனன், மற்றவன் அதைத் தடுக்க விரும்பும் சாந்த ஹரிபஞ்சானனன்.